முகாபராவுக்கு ஓர் எடுத்துக்காட்டு

'அக்கா' என்று எழுதினால் பிடித்துக்கொள்வாள். 'தங்கை' என்று எழுதினால் நானே என்னைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். 'அண்ணி' என்று போட்டுவிடலாம். எனக்கு அண்ணன் இல்லை. அதனால் அண்ணியும் இல்லை. இல்லாத ஒருத்தியைத் திட்டினால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

இப்படி யோசித்துக்கொண்டு அன்று காலை ஓர் அட்டையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அட்டையின் தலையில் 'லஜாஜ்' என்ற அரபுச் சொல். அதன் கீழே நான் எழுதிய பொருள்: 'தவறு என்று தெரிந்த பிறகும், தொடங்கியதை விடாமல் பிடித்துக்கொண்டு வாதாடுவது.' அதற்கும் கீழே எடுத்துக்காட்டு வாக்கியத்துக்கான இடம் காலியாக இருந்தது.

நாங்கள் ஓர் அரபு-தமிழ் அகராதியைத் தொகுத்துக்கொண்டிருந்தோம். நாங்கள் என்றால் நான்கு பேர். ஆசிரியர், அட்டை எழுதும் நான், என் அட்டைகளைச் சரிபார்க்கும் என் அக்கா, சரிபார்த்ததைக் கணினியில் ஏற்றும் டைப்பிஸ்ட். ஆசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் காற்புள்ளி. எந்த வாக்கியத்தையும் முடிக்கமாட்டார். பாதியில் நிறுத்தி, சன்னலைப் பார்த்துவிட்டு, வேறு ஒன்றுக்குப் போய்விடுவார். ஒரு விதியை மட்டும் முழுதாகச் சொல்லியிருந்தார். எடுத்துக்காட்டுகளைப் புத்தகத்திலிருந்து எடுக்கக்கூடாது, உட்கார்ந்து ஜோடிக்கவும் கூடாது. வீட்டிலோ தெருவிலோ பேருந்திலோ காதில் விழுந்த மாதிரி இருக்க வேண்டும். ஆட்களுக்குப் பெயர் வேண்டாம், உறவுமுறை போதும்.

சொற்கள் பொருள்வாரியாகக் கட்டுக்கட்டாக வரும். மழையும் காற்றும் ஒரு கட்டு. உடம்பின் உறுப்புகள் ஒரு கட்டு. அக்காவும் நானும் பேச்சை நிறுத்திய பதினோராம் நாள் வந்து சேர்ந்த கட்டு, பிடிவாதமும் சண்டையும். இருபத்தாறு சொற்கள். ரப்பர் பேண்ட் போட்டு என் மேசையில் வைத்துவிட்டு, "உங்க கையில இது நல்லா வரும்னு," என்று சொல்லிக் காற்புள்ளி சன்னலைப் பார்த்தார். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எங்கள் சண்டை அம்மாவைப் பற்றியது. அம்மா என்னோடு இருக்கிறாள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இடது முழங்கால் வீங்கியதிலிருந்து அம்மா தெருவில் இறங்கவில்லை, ஐந்து வாரமாயிற்று. அக்காவின் வீடு தரைத்தளம். அத்தான் அங்கே ஓர் அறையை ஒழித்து, கட்டில் போட்டு, குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பிகூட அடித்துவிட்டார். அம்மாவை அனுப்பு என்றாள் அக்கா. அம்மாவுக்கு இஷ்டமில்லை என்றேன் நான். உனக்குத்தான் இஷ்டமில்லை என்றாள். அங்கிருந்து ஆரம்பித்து, பள்ளிக்கூடத்தில் யாருடைய தண்ணீர் பாட்டிலை யார் தொலைத்தது என்பது வரைக்கும் பின்னோக்கிப் போனோம். அதற்குப் பின்னால் போக எதுவும் இல்லாததால் பேச்சு நின்றது.

ஆனால் வேலை நிற்காதே. அவள் மேசைக்கும் என் மேசைக்கும் பத்தடி தூரம். நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் ஒரு தகரத் தட்டு. எழுதிய அட்டையை நான் தட்டில் போடுவேன். நான் திரும்பிப்போய் உட்கார்ந்த பிறகு அவள் எழுந்து வந்து எடுப்பாள். சிவப்புப் பென்சிலால் திருத்திவிட்டுத் தட்டில் போடுவாள். அவள் உட்கார்ந்த பிறகு நான் எழுவேன்.

லஜாஜுக்கு நான் எழுதினேன்: 'முழங்கால் வலிக்கிறது என்று மாமியார் ஒருமுறை சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அவரைத் தன் வீட்டுக்கு இழுத்துப்போகும் வரை அண்ணி ஓயமாட்டாள்.'

அரைமணி நேரத்தில் அட்டை திரும்பி வந்தது. 'அண்ணி' அடிக்கப்பட்டு, மேலே 'மகள்' என்று இருந்தது. 'மாமியார்' அடிக்கப்பட்டு 'தாய்'. 'ஒருமுறை' என்பதைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் சின்ன எழுத்தில்: 'தகவல் பிழை. தினமும் சொல்கிறார்.'

என் காது சூடானது. அடுத்த அட்டை 'மிரா'. பிறர் பேச்சில் குற்றம் கண்டுபிடிப்பதற்காகவே செய்யும் வாதம். நமது விதண்டாவாதம் இதற்குப் பக்கத்தில் வரும். எடுத்துக்காட்டு தானாகவே கையில் ஓடியது: 'அவள் சொன்னதில் குறை கண்டுபிடிக்காவிட்டால் இவளுக்குச் சோறு இறங்காது.'

அக்காவின் பென்சில்: 'யார் அவள், யார் இவள்? வாசகர் குழம்புவார்.'

வாசகர் குழம்பினாரோ இல்லையோ, டைப்பிஸ்ட் குழம்பவில்லை. ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கும் மனிதர், தலை வழுக்கை, வாய் ஓயாது. அடுத்த வாரம் டீ குடிக்கும்போது என் பக்கம் நாற்காலியை நகர்த்தினார்.

"மேடம், அந்தப் பொண்ணு அம்மாவக் கூட்டிட்டுப் போயிடுச்சா?"

"எந்தப் பொண்ணு?"

"லஜாஜ்ல வந்துச்சே. அப்புறம் முரட்டுப் பிடிவாதம்னு ஒண்ணு, அந்த 'இனாத்' அட்டையில கதவ அறைஞ்சு சாத்திட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் ரெண்டு நாளா ஒண்ணும் வரல."

"அது வெறும் எடுத்துக்காட்டு சார்."

"எடுத்துக்காட்டுதான், யாரு இல்லன்னா. இருந்தாலும் என் வீட்டுக்காரி தினமும் கேக்கறா. அவ அந்த அக்கா பக்கம். நான் தங்கச்சி பக்கம். அதுல எங்க வீட்லயும் பேச்சு கொஞ்சம் கம்மி."

எதிர்ப்பக்கம் அக்கா இருமினாள். அந்த இருமல் எனக்குத் தெரியும். சிரிப்பை விழுங்கும்போது வருவது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். இல்லாவிட்டால் எனக்கும் வந்திருக்கும். சிரித்துவிட்டால் முதலில் பேசியது நான் என்று ஆகிவிடும்.

காற்புள்ளிக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. இந்தக் கட்டின் எடுத்துக்காட்டுகளைப் போல உயிரோட்டமாக இதுவரை எதுவும் வந்ததில்லை என்றார். "மழைக் கட்டுல எல்லாம் ஒரே ஈரமா, ஆனா இதுல பாருங்க, யாரோ நிஜமாவே," என்று நிறுத்தினார்.

மற்றவர்களுக்கு அது தொடர்கதை. எனக்கோ தலைவேதனை. அரபு மொழிக்கு மனிதர்களின் முரண்டைப் பிரித்துப் பார்ப்பதில் அப்படி ஒரு பொறுமை. 'ஹரூன்' என்றால் நன்றாக ஓடிக்கொண்டிருந்து, இன்னும் வேகமாக ஓட்டினால் சட்டென்று நின்றுவிடும் குதிரை. 'ஷமூஸ்' என்றால் முதுகில் ஏறவே விடாத குதிரை. இரண்டையும் மனிதர்களுக்கும் சொல்வார்கள். நான் இதில் எது? வேலை முடிந்து பேருந்தில் நின்றுகொண்டு இதையே யோசிப்பேன். அம்மாவை அனுப்பச் சொல்லி யாரும் வற்புறுத்தாமல் இருந்தால் நானே அனுப்பியிருப்பேனோ? அப்படியென்றால் ஹரூன். இல்லை, அக்கா எப்படிக் கேட்டிருந்தாலும் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேனா? அப்போது ஷமூஸ். இறங்க வேண்டிய நிறுத்தத்தை இரண்டு முறை தவறவிட்டேன்.

தமிழில் நமக்கும் பஞ்சமில்லை. அடம் குழந்தைக்கு. வீம்பு பெரியவர்களுக்கு. முரண்டு மாட்டுக்கும் மனிதருக்கும் பொது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது எல்லா வீட்டிலும் ஒருவருக்கு. ஆனால் அந்த ஒருவர் யார் என்பதை முயல் பிடித்தவரிடம் கேட்டு என்ன பயன்?

எங்கள் வீட்டில் பிடிவாதமே தெரியாத ஆள் அம்மா. யாரிடமும் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. கதவைத் தட்டி எதை விற்க வந்தாலும் வாங்கிவிடுவாள். நான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வாங்கிய துடைப்பம் மட்டும் ஆறு இருக்கிறது. "வெயில்ல மூணு மாடி ஏறி வந்திருக்கான், எப்படிடீ வேண்டாங்கறது?" பால்கனியில் உட்கார்ந்து, எதிரே இருக்கும் பேருந்துப் பணிமனையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எந்த வண்டி எப்போது கிளம்பும், எந்த டிரைவர் எப்படி நடப்பார் எல்லாம் அத்துபடி. மதியம் அக்கா போனில் பேசுவாள் என்று எனக்குத் தெரியும். என்ன பேசினார்கள் என்று நான் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நான் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அம்மாவே ஆரம்பித்தாள்.

"உங்கக்கா இன்னிக்கும் ஒத்தக்கால்ல நின்னா. வா வான்னு."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்ன சொல்றது. உன்ன விட்டு நான் எங்க போவேன்? நீ தனியாள்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதோடு 'தனியாள்' என்ற சொல் உள்ளே எங்கோ இடறியது. நான் தனியாள் என்பதற்காகவா இருக்கிறாள்? இருந்தாலும் பரவாயில்லை, இருக்கிறாள் அல்லவா என்று இன்னும் கொஞ்சம் தைலத்தைக் கையில் ஊற்றிக்கொண்டேன்.

அந்த வாரம் சொற்கட்டில் மிச்சம் இருந்தது 'முகாபரா'. எதிராளி சொல்வதுதான் சரி என்று உள்ளுக்குள் தெரிந்தும் வெளியே மறுத்துக்கொண்டிருப்பது. பொருளை ஒரே மூச்சில் எழுதினேன். எடுத்துக்காட்டு வரவில்லை. புதன் போனது, வியாழன் போனது. பேனா அட்டைக்கு ஓர் அங்குலம் மேலேயே நின்றது. படியில் அம்மா இறங்கமுடியாமல் திரும்பிய நாள் ஞாபகம் வந்தது; ஏழாவது படியில் நின்று, "இன்னொரு நாள் போலாம்" என்று சொன்னாள். அன்று எனக்கு ஏன் நிம்மதியாக இருந்தது?

வெள்ளிக்கிழமை எடுத்துக்காட்டு இல்லாமலேயே அட்டையைத் தட்டில் போட்டுவிட்டேன். சனிக்கிழமை காலை அது திரும்பி வந்தபோது, அந்த இடத்தை அக்கா தானே நிரப்பியிருந்தாள். சிவப்புப் பென்சில் இல்லை, நீல மை.

''பெரியவளிடம் போகத்தான் எனக்கு ஆசை, சின்னவள்தான் விடமாட்டேன் என்கிறாள்' என்று தாய் செவ்வாய்க்கிழமை தன் வாயால் சொன்ன பிறகும், தாய்க்கு இஷ்டமில்லை என்றே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.'

மூன்று முறை படித்தேன். செவ்வாய்க்கிழமை. எந்தச் செவ்வாய்க்கிழமை? தைலம் தேய்த்த செவ்வாய்க்கிழமையா? அக்கா கதை கட்டுகிற ஆள் இல்லை. என்ன குறை சொன்னாலும் அதைச் சொல்ல முடியாது. ஒரு 'ஒருமுறை'யைக்கூட விடாதவள். அப்படியானால் அம்மா?

நான் எழுந்து, தட்டைத் தாண்டி, அவள் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். டைப்பிஸ்டின் விசைப்பலகைச் சத்தம் நின்றது.

"இது நெஜமா?"

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். "பேச மாட்டேன்னு நெனச்சேன்."

"அம்மா இப்படியே சொன்னாளா, இல்ல நீ எடிட் பண்ணினியா?"

"ஒரு எழுத்து மாத்தல. செவ்வா மத்தியானம், ரெண்டு மணிக்கு."

"அன்னிக்கு சாயங்காலம் எங்கிட்ட, 'அவ ஒத்தக்கால்ல நிக்கிறா, உன்ன விட்டு எங்க போவேன்'னு சொன்னா."

"நானா? ஒத்தக்கால்லயா? நான் கூப்பிட்டே மூணு வாரம் ஆச்சுடி. நீதான் கத்துவேன்னு நானே கேக்கறத விட்டுட்டேன். தினமும் அம்மாதான் ஆரம்பிப்பா. 'என்ன பண்றது, அவ குரங்குப்பிடி உனக்குத் தெரியாதா'ன்னு."

"குரங்குப்பிடின்னா சொன்னா?"

"உன்னப் பத்தி அப்படித்தான். என்னப் பத்தி என்ன சொன்னா?"

"'பிடிச்சா உடும்பு'ன்னா."

குரங்கும் உடும்பும். அக்காவுக்கு அந்த இருமல் வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது நாளாக நான் யாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்?

காற்புள்ளி தன் அறையிலிருந்து வந்து, என் கையிலிருந்த அட்டையை வாங்கிப் படித்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இந்தச் செவ்வாய்க்கிழமை எதுக்கு? அகராதியில கிழமை வந்தா, வாசகர் அது எந்த," என்று சன்னலைப் பார்த்தார்.

"எங்களுக்கும் அதுதான் சார் சந்தேகம்," என்றாள் அக்கா.

சனிக்கிழமை அரை நாள். ஒரு மணிக்கு இருவரும் ஒரே பேருந்தில் ஏறினோம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தும் அதிகம் பேசவில்லை. பேச்சு விட்டுப்போனால் எங்கே எடுப்பது என்று தெரிவதில்லை. அக்கா ஒரே ஒரு முறை, "முட்டி ரொம்ப வீங்கியிருக்கா?" என்றாள். நான், "காலையில கம்மியா இருக்கும்," என்றேன். படியேறும்போது இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினாள். "எனக்கே இப்படி" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

கதவைத் திறந்த அம்மா எங்கள் இருவரையும் சேர்ந்து பார்த்ததும் சந்தோஷப்படவில்லை. பயந்தாள்.

"என்னடி, ரெண்டு பேரும் சேர்ந்து? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா. உன்னப் பாக்கத்தான்," என்றாள் அக்கா. உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகு மிக மெதுவாக, குழந்தையிடம் கேட்பதுபோலக் கேட்டாள். "அம்மா, எங்க ரெண்டு பேருக்காகவும் பாக்காத. உனக்கு எங்க இருக்கணும்? இங்கயா, எங்க வீட்லயா?"

"உங்க இஷ்டம்."

"எங்க இஷ்டம் இல்லம்மா. உன்னோடது."

"நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவு பண்ணுங்க. நான் எதுக்கு நடுவுல?"

"நீதான்மா நடுவுல," என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், பால்கனிப் பக்கம் பார்த்தாள். "பால் வச்சிட்டு வந்தேன்," என்று சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். நாங்கள் வரும்போது அடுப்பு எரியவில்லை என்று எனக்குத் தெரியும். அக்கா கண்ணால் சாடை காட்டினாள். நான் பின்னால் போனேன்.

அம்மா அப்போதுதான் பாலை ஊற்றிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நீயே சொல்லிடேன்."

"என்னன்னு?"

"அனுப்ப மாட்டேன்னு. எப்பவும் சொல்றதுதானே. கொஞ்சம் அழுத்தமா சொல்லு. அவ கோச்சுக்கிட்டுப் போயிடுவா, ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"அப்போ உனக்குப் போக இஷ்டமில்ல."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"அப்போ இஷ்டமா?"

"பாவம், ரூமெல்லாம் ஒழிச்சு வச்சிருக்கா. மாப்பிள்ளை கம்பி வேற அடிச்சிருக்கார்."

"அம்மா, நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நான் சொன்னா அவ மனசு நோகும்டி. நீ சொன்னா அவளுக்குக் கோபம்தான் வரும். கோபம் ஆறிடும்."

"கோபம் என் மேல வந்தா பரவாயில்லையா?"

அம்மா இப்போது திரும்பினாள். என் கன்னத்தைத் தொட்டாள். "நீ தாங்கிக்குவ," என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். பள்ளியில் நான் பரிசு வாங்கிவந்த நாள்களில் பேசிய அதே குரல்.

நான் இத்தனை நாள் எதற்காகச் சண்டை போட்டேனோ அது இதோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கூடத்துக்குப் போய் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அம்மா இங்கேயே இருப்பாள். மாலையில் கதவைத் திறக்கும்போது உள்ளே விளக்கு எரியும். அக்காகூட ஆச்சரியப்படமாட்டாள், எல்லோருக்கும் என்னிடம் அது பழக்கம். ஆனால் அம்மாவுக்கு இங்கே இருக்கத்தான் ஆசை என்று எனக்கு உறுதியாகத் தெரியுமா? அக்காவிடமும் ஒரு நாள் இதே குரலில், நீயே வந்து அடமாக இழுத்துக்கொண்டு போ என்று கேட்கமாட்டாள் என்பது என்ன நிச்சயம்? முதன்முதலாக, 'அம்மாவுக்கு இஷ்டமில்லை' என்று நான் சொன்னதே என் சொந்த வார்த்தையா, அம்மா என் வாயில் வைத்ததா? யோசிக்க யோசிக்க, நூல்கண்டின் எந்த முனையை இழுத்தாலும் சிக்குத்தான் இறுகியது. மாட்டேன் என்று சொல்வது எனக்கு இயல்பு என்று நினைத்திருந்தேன். யாருக்காகவோ சொல்லிச் சொல்லிப் பழகியதோ என்று இப்போது தோன்றியது. அதுவும் சரிதானா, தெரியவில்லை.

கூடத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. "பால் காயுதா, இல்ல மாடு வாங்கவே போயிட்டீங்களா?"

அம்மா பதறி, "இதோ வந்துட்டோம்," என்றாள். பிறகு என் முழங்கையைப் பிடித்தாள். "போ. போய்ச் சொல்லு."

நான் அடுப்பைச் சின்னதாக்கினேன். "நான் சொல்ல மாட்டேன்மா," என்றேன். என் குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இருந்தது. "போறேன்னாலும் சரி, போகலன்னாலும் சரி. நீ வந்து சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன்."

"அவ முகத்தப் பாத்து எப்படிடீ?"

"தெரியலம்மா."

"போறேன்னே சொல்லிட்டா? நீ என்ன பண்ணுவ?"

"அதுவும் தெரியல."

அம்மா பிடித்துக்கொண்டு நடப்பதற்காக என் கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள், ஆனால் நகரவில்லை. அவள் விரல்கள் ஈரமாக, சூடாக இருந்தன.

"ஒரே ஒரு தடவ. எனக்காக," என்றாள்.

"இல்லம்மா," என்றேன்.